பந்து கையில் இல்லாத நேரம்

2008 மார்ச் 16 அன்று ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆட்டத்தில் கோபி பிரயன்ட் கூடையைப் பார்த்து 33 முறை பந்தை எறிந்தார். உள்ளே விழுந்தது 11தான். என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியவர் அவர். அப்படிப்பட்டவர் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தவறவிட்டார். அவருடைய லேக்கர்ஸ் அணி 92-104 என்று ஹூஸ்டன் ராக்கெட்ஸிடம் தோற்றது. ராக்கெட்ஸுக்கு அது தொடர்ந்து 22வது வெற்றி. இத்தனைக்கும் அணியின் பெரிய தூணான சீன ஆட்டக்காரர் யாவ் மிங், பாதத்தில் எலும்பு விரிசல் கண்டு பிப்ரவரி கடைசியிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பத்து வெற்றியும் அவர் இல்லாமல் வந்தவை.

கோபியின் கை அன்றைக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படித்தான் பெரும்பாலும் சொல்வோம். ஆனால் அன்று அவர் முன்னால் அதிகம் நின்றவர் ஷேன் பேட்டியர் என்ற ஆறடி எட்டங்குல மனிதர். அதிவேக ஓட்டம் கிடையாது. பிரமாதமாக எகிறவும் மாட்டார். ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளி எடுத்தாலே அவருக்கு நல்ல நாள். அமெரிக்காவில் இந்த மாதிரி ஆட்களை ‘ரோல் பிளேயர்’ என்பார்கள்: நட்சத்திரம் இல்லை, ஆனால் அணியில் ஒரு குறிப்பிட்ட வேலை இவருக்கு உண்டு. அந்த வேலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்தவன். கூடைப்பந்து டீமுக்குப் பயிற்சி கொடுத்தவன். எந்த வருஷம் எந்தப் பிள்ளை வந்தாலும் நேராகப் பந்தை எடுத்துக்கொண்டு மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியேதான் போய் நிற்கும். முன்பெல்லாம் கோபி மாதிரி. இப்போது ஸ்டீஃபன் கர்ரி மாதிரி. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒரு கணக்கு. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். மைதானத்தில் இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்துப் பேர். பந்து ஒன்று. சமமாகப் பங்கு போட்டாலே தலைக்கு ஐந்து நிமிடம் வராது. சமமாகவும் யாரும் பங்கு போடுவதில்லை. நட்சத்திரங்கள் தங்கள் பங்குக்கு மேல் வைத்துக்கொள்வார்கள். ஆக, அரைமணி நேரம் மைதானத்தில் இருக்கிற ஒரு சாதாரண ஆட்டக்காரரின் கையில் பந்து இருப்பது ஓரிரண்டு நிமிடம்தான். மீதி நேரம் முழுக்க அவர் என்ன செய்கிறார்?

பேட்டியர் என்ன செய்தார் என்பதற்குப் பதிவு இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கூடைப்பந்தைப் பற்றி வந்த கட்டுரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. ராக்கெட்ஸின் பொது மேலாளர் டாரில் மோரி கணக்கில் பைத்தியமான ஆள். எதிரணி ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எந்த இடத்திலிருந்து எறிந்தால் எத்தனை விழுகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் தடுமாறுகிறார் என்று பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம் தயாரித்து ஆட்டத்துக்கு முன்னால் பேட்டியரிடம் கொடுப்பார்கள். அவரும் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உட்கார்ந்து படிப்பார்.

அதில் என்ன இருக்கும் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கூடைக்கு அடியில் போய்ப் போட்டால் பெரும்பாலும் விழும். அது எறிபவருக்கு லாபம். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தால் நூற்றுக்கு 36 விழுந்தாலே 108 புள்ளி; அதுவும் லாபம். இரண்டுக்கும் நடுவே, கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று எறிவது இருக்கிறதே, அதுதான் நஷ்டம். நூற்றுக்கு 40 விழுந்தாலும் 80 புள்ளிக்கு மேல் வராது. தூரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கூலி குறைவு. கோபியை யாராலும் எறியவிடாமல் தடுக்க முடியாது. அது பேட்டியருக்கு நன்றாகத் தெரியும். அதனால் தடுக்க அவர் முயலவே இல்லை. கூடைக்கு அடியில் போகிற வழியை அடைத்து, அந்த நஷ்டப் பகுதிக்குள் அவரைத் தள்ளிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து எத்தனை வேண்டுமானாலும் எறியட்டும்.

இன்னொன்றும் செய்தார். எதிராளி எறியக் கையை உயர்த்தும்போது நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பந்தைத் தட்டிவிடத் தாவுவார்கள். கைதட்டல் கிடைக்கும் என்ற ஆசை. பத்துக்கு ஒரு தடவை தட்டுவார்கள், மூன்று தடவை ஃபவுல் வாங்குவார்கள். பேட்டியர் பந்துப் பக்கமே போவதில்லை. விரித்த உள்ளங்கையை எறிபவரின் கண்ணுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துவார், அவ்வளவுதான். கூடையைப் பார்க்க முடியாமல் எறிந்தால் எப்பேர்ப்பட்ட கையும் கொஞ்சம் பிசகும். ஆட்டக் கணக்கேட்டில் இதற்குப் பெட்டி கிடையாது. ‘கண்ணை மறைத்தது: 14’ என்று யாரும் எழுதுவதில்லை.

அந்தக் கட்டுரையில் வரும் ஒரு சம்பவத்தை மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் மனு ஜினோபிலி என்ற அர்ஜென்டினாக்காரர் இருந்தார். அபாரமான ஆட்டக்காரர். ஆனால் அவர்களுடைய பயிற்சியாளர் அவரை முதல் ஐந்து பேரில் இறக்காமல், கொஞ்ச நேரம் கழித்து பெஞ்சிலிருந்துதான் இறக்குவார். அந்த அணியோடு ஆட்டம் வந்தபோது பேட்டியரே தன் பயிற்சியாளரிடம் போய், என்னை முதலில் இறக்காதீர்கள், ஜினோபிலி வரும்போது நானும் வருகிறேன், அப்போதுதான் அவர் மைதானத்தில் இருக்கிற நேரம் முழுக்க நான் அவர் முன்னால் நிற்க முடியும் என்று கேட்டிருக்கிறார். தொழில்முறை ஆட்டத்தில் முதல் ஐந்தில் இருப்பது என்பது கௌரவம், அடுத்த ஒப்பந்தத்தில் பணம். அதை வேண்டாம் என்று ஒருவர் தானே போய்ச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பது டீம் நடத்தியவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூட டீமிலேயே முதல் ஐந்தில் பெயர் வரவில்லை என்றால் மறுநாள் காய்ச்சல் என்று லீவு லெட்டர் வந்துவிடும்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். ஒரு முனையில் ஒருவர் ஓவருக்கு ஒன்று இரண்டு ரன்தான் கொடுத்துக் கட்டிப் போடுவார். பொறுமை இழந்த பேட்ஸ்மேன் மறுமுனையில் போய் அடித்து அவுட் ஆவான். விக்கெட் யார் பெயரில் எழுதப்படும்? கூடைப்பந்தில் இதைப் பிடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஆட்டக்காரர் மைதானத்தில் இருக்கும் நேரத்தில் நம் அணி எத்தனை புள்ளி எடுத்தது, எதிரணி எத்தனை எடுத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன? பேட்டியர் இறங்கினால் தன் அணியில் உள்ள மற்ற நால்வரும் கொஞ்சம் நன்றாக ஆடினார்கள், எதிரணி ஐவரும் கொஞ்சம் மோசமாக ஆடினார்கள் என்று தெரிந்தது. காரணத்தைத் தேடிப் போனபோதுதான் கண்ணை மறைக்கிற கை அகப்பட்டது.

எங்கள் பெண்கள் டீமில் ஒரு பிள்ளை இருந்தாள். அவள் அம்மா ஒரு தடவை மாவட்டப் போட்டி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“என்ன சார், எம்பொண்ணு ஒரு பாயிண்ட்டுகூடப் போடல. அவள எதுக்கு சார் அவ்ளோ நேரம் உள்ள ஓட விடுறீங்க? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?”

“எதிர் டீம்ல அந்த உயரமான பொண்ணு போன மேட்சுல எத்தன போட்டுச்சு தெரியுமாம்மா?”

“அது எனக்கெப்படி சார் தெரியும்?”

“இருபத்திரண்டு. இன்னிக்கு நாலு.”

அந்த அம்மாவுக்கு இது திருப்தி தரவில்லை. அடுத்த ஆட்டத்திலாவது ஒரு பாயிண்ட் போட விடுங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கில் சம்பளம் கொடுக்கிற அணி முதலாளிகளுக்கே இது புரிய வெகு காலம் ஆயிற்று. எதிராளியின் பாஸில் கை வைத்துத் திசை திருப்பியது, நட்சத்திரத்துக்காகக் குறுக்கே நின்று ‘ஸ்கிரீன்’ போட்டுக் கொடுத்தது, உருண்டோடும் பந்தின் மேல் விழுந்து பிடித்தது, இவற்றையெல்லாம் என்.பி.ஏ. எண்ணி வெளியிடத் தொடங்கியதே 2016இல்தான்.

எதிராளியைத் தடுப்பது ஒரு பாதி. நம்மிடம் பந்து இருக்கும்போதும் இவர்களுக்கு வேலை இருக்கிறது, அது இன்னும் கண்ணுக்குத் தெரியாத வேலை. மைதானத்தின் மூலையில் போய் நிற்க வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும். ஆனால் நட்சத்திரம் பந்தோடு கூடையை நோக்கிப் பாயும்போது எதிரணியின் எல்லோரும் அவர் மேல் விழப் பார்ப்பார்கள். மூலையில் நிற்பவருக்கு நன்றாக எறியத் தெரியும் என்றால் அவரைக் காக்கிறவர் நகர முடியாது. நகர்ந்தால் பந்து மூலைக்குப் போகும், மூன்று புள்ளி. நகராவிட்டால் நட்சத்திரத்துக்கு வழி திறக்கும். மூலையிலிருந்து மூன்று புள்ளிக் கோடு 22 அடிதான். நடுவிலிருந்து 23 அடி 9 அங்குலம். அந்த ஒன்றேமுக்கால் அடிச் சலுகையை வைத்துப் பிழைப்பு நடத்தியவர்கள் ஏராளம்.

அவர்களில் ராஜா என்றால் புரூஸ் போவன். பிரான்ஸிலும் அமெரிக்காவின் சின்ன லீக்குகளிலும் அலைந்து திரிந்துவிட்டு 2001இல் சான் அன்டோனியோவில் வந்து ஒட்டிக்கொண்டார். மூலையில் நின்று எறிவார், எதிரணியின் ஆகப் பெரிய ஆட்டக்காரரை மறிப்பார். இரண்டே வேலை. 2002-03 சீசனில் மூன்று புள்ளி எறிவதில் லீக்கிலேயே அதிகச் சதவீதம் அவருடையது: 44.1. அதே சீசனில் ஃப்ரீ த்ரோவில் அவருடைய சதவீதம் 40.4. யாரும் மறிக்காமல், 15 அடியில் நின்று, நிதானமாக எறிகிற ஃப்ரீ த்ரோவில் அதைவிடக் குறைவு! இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் யோசித்தேன். அந்த மனிதர் தனக்கு எந்த வேலை தரப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் அவ்வளவு தூரம் பழகியிருக்கிறார். ஆட்டத்துக்கு 6 புள்ளி சராசரி வைத்திருந்த அவருடைய 12ஆம் எண் பனியனைச் சான் அன்டோனியோ 2012இல் கௌரவித்து அரங்கத்தின் உச்சியில் தொங்கவிட்டது. மூன்று சாம்பியன் பட்டங்களில் அவருக்குப் பங்கு உண்டு.

போவனைப் பற்றிப் புகார்களும் உண்டு. எறிந்துவிட்டுத் தரையில் இறங்குகிறவரின் காலுக்கடியில் தன் காலை நீட்டுவார் என்று பல ஆட்டக்காரர்கள் திட்டினார்கள். கணுக்கால் போய்விடும். அந்த வித்தையை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, செய்த பிள்ளையை வெளியே உட்கார வைத்திருக்கிறேன்.

நட்சத்திரங்களையே வாங்கிக் குவித்தால் என்ன என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி 2023-24இல் கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் என்று மூன்று பேரை ஒன்றாகச் சேர்த்தது. என்.பி.ஏ.வில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதை வெகுவாக மீறினால் அபராத வரி, மேலும் பல கட்டுப்பாடு. அந்த மூவர் சம்பளமே ஏறக்குறைய வரம்பைத் தொட்டுவிட்டது. மிச்ச இடங்களில் பலவற்றைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்களைக் கொண்டு நிரப்பினார்கள். பிளே-ஆஃப் எனப்படும் வெளியேற்றத் தொடரின் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 0-4. மறு வருஷம் 36 வெற்றி, 46 தோல்வி. பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை. இதற்கு நேரெதிர் 2014இன் சான் அன்டோனியோ. அந்த சீசனில் அவர்களுடைய ஆட்டக்காரர் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. லீக்கிலேயே அதிகமாக 62 ஆட்டம் ஜெயித்து, இறுதிச் சுற்றில் லெப்ரான் ஜேம்ஸின் மியாமியை 4-1 என்று வென்றார்கள்.

அந்த இறுதிச் சுற்றுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஸ்பர்ஸ் தங்கள் உயரமான ஆளை உட்கார வைத்து, பாஸ் கொடுப்பதில் கெட்டிக்காரரான போரிஸ் டியாவை முதலிலேயே இறக்கியிருந்தது. ஒரு வருஷம் கழித்து, 2015 இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 1-2 என்று கிளீவ்லாந்திடம் பின்தங்கியிருந்த இரவில், நிக் யூரென் என்ற இளம் உதவியாளர் அந்தப் பழைய வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமும் உயரத்தை வெளியே எடுத்துவிட்டு ஆந்த்ரே இக்வடாலாவை முதலில் இறக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் ஒத்துக்கொண்டார்.

இக்வடாலாவின் கதை சாதாரணமில்லை. பத்து சீசன்களாக, தான் ஆடிய 758 லீக் ஆட்டத்திலும் முதல் ஐந்தில் இறங்கியவர். ஒரு தடவை நட்சத்திரங்களுக்கான ‘ஆல்-ஸ்டார்’ ஆட்டத்துக்கும் தேர்வானவர். அந்த சீசன் ஆரம்பத்தில் கெர் அவரிடம், நீ பெஞ்சிலிருந்து வா என்று கேட்டார். வந்தார். லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட முதலில் இறங்கவில்லை. நாலாவது இறுதி ஆட்டத்தில்தான் முதன்முறையாக இறக்கினார்கள். அன்று 103-82 வெற்றி. பிறகு இரண்டு ஆட்டமும் வெற்றி. அந்தத் தொடர் முழுக்க லெப்ரான் ஆட்டத்துக்கு 35.8 புள்ளி எடுத்தார், உண்மைதான். ஆனால் எறிந்ததில் நூற்றுக்கு 40 விழவில்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாரியர்ஸின் நட்சத்திரமான கர்ரிக்கு இல்லை, இக்வடாலாவுக்கு.

அந்த முடிவை எடுத்த கெர்ரும் ஆடிய காலத்தில் ஒரு ரோல் பிளேயர்தான் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 86-86 என்று நின்றபோது, சிகாகோவில் அத்தனை பேரும் மைக்கேல் ஜோர்டன்தான் எறிவார் என்று எதிர்பார்த்தார்கள். ஜோர்டன் முன்கூட்டியே கெர்ரிடம் சொல்லி வைத்திருந்தார்: எதிரணியின் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என் மேல் வருவார், தயாராக இரு. அப்படியே வந்தார். பந்து கெர்ருக்குப் போயிற்று. ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது விழுந்தது. ராபர்ட் ஹோரி என்று இன்னொருவர், ஆட்டத்துக்கு ஏழு புள்ளிச் சராசரி, ஒரு தடவைகூட ஆல்-ஸ்டார் இல்லை; கடைசி நொடியில் எறிந்து எறிந்தே மூன்று அணிகளில் ஏழு பட்டம் வாங்கினார். ஜோர்டனுக்கு ஆறுதான்.

கடைசி நொடி எறிதல்களைத்தான் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். எனக்கு அதைவிடக் கஷ்டமாகத் தெரிவது, உடம்பு ஆறிப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று எழுந்து போய் ஆடுவது. நட்சத்திரத்துக்கு முதல் ஐந்து எறிதல் தவறினாலும் ஆறாவது நிச்சயம் உண்டு. இவர்களுக்கு இரண்டு தவறினால் மூன்றாவது கிடைக்காது. மியாமிக்குப் போயிருந்த பேட்டியருக்கு 2013இல் அதுதான் நடந்தது. பிளே-ஆஃப் முழுக்க எறிந்ததெல்லாம் வெளியே போயிற்று. பயிற்சியாளர் அவருடைய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். வயது 34. ஆட்டமே முடிந்துவிட்டது என்றுதான் பேச்சு. இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் அவரை இறக்கினார்கள். எட்டு மூன்று புள்ளி எறிதல், ஆறு உள்ளே. 18 புள்ளி. மியாமி 95-88 என்று ஜெயித்தது. லெப்ரான் 37 எடுத்தார், அதைத்தான் தலைப்பாகப் போட்டார்கள். போடட்டும்.

இப்போது நான் வீட்டில் சும்மா இருப்பவன். இறுதிச் சுற்று ஆட்டமெல்லாம் நம் ஊர் நேரத்துக்குக் காலையில்தான் வரும், காபி குடித்துக்கொண்டே பார்க்கலாம். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன், பள்ளி டீமில் ஆடுகிறவன், சில நாள் வந்து உட்காருவான். 2025 மே மாதம் ஓக்லஹோமா சிட்டிக்கும் டென்வருக்கும் நடந்த ஏழாவது ஆட்டத்தை அவனுக்கு வீடியோவில் போட்டுக் காட்டினேன். டென்வரின் நிகோலா யோகிச் ஏறக்குறைய ஏழடி. மூன்று தடவை சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். அவரை மறிக்க ஓக்லஹோமா அனுப்பியது ஆறடி ஐந்தங்குல அலெக்ஸ் கரூசோவை. 2016இன் புதுமுகத் தேர்வில் எந்த அணியும் எடுக்காமல் விட்டவர். ஓக்லஹோமாவின் கிளை அணியில், சின்ன லீக்கில்தான் ஆடத் தொடங்கினார். யோகிச்சுக்குப் பின்னால் நின்று முட்டாமல், முன்னால் போய் நின்றுகொண்டு பந்தே அவர் கைக்கு வராமல் குறுக்கே கை நீட்டிக்கொண்டிருந்தார். பந்து தலைக்கு மேல் போனால் பின்னால் இன்னொருவர் வந்துவிடுவார். யோகிச் அன்று 20 புள்ளிதான். ஆட்டம் 125-93.

பையன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“சார், இவரு ஒரு மேட்சுக்கு எத்தன பாயிண்ட் போடுவாரு?”

“ஏழு.”

“சம்பளம்?”

“நாலு வருஷத்துக்கு 81 மில்லியன் டாலர்.”

போனை எடுத்து ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தான். நான் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, இரண்டாவது கால் பகுதியை முதலிலிருந்து ஓடவிட்டேன்.